செயூஸ் சுண்ணாம்புப் பாறையில் கடினமான தடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றைப் பிட்ச் ஸ்போர்ட் தடம் என்பது எது?

பாறையில் முன்கூட்டியே துளையிட்டுப் பொருத்தப்பட்ட போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே, தன் கையையும் காலையும் மட்டும் நம்பி ஏறுவது ஸ்போர்ட் கிளைம்பிங். போல்ட்டும் கயிறும் விழுந்தால் தாங்குவதற்காக உள்ளவை. அவற்றைப் பிடித்தோ அவற்றில் தொங்கி இளைப்பாறியோ மேலே போனால் அது முழுமையான ஏற்றமாகக் கணக்கில் வராது. தரையிலிருந்து புறப்பட்டு, ஒரே கயிற்றின் நீளத்துக்குள் உச்சியிலுள்ள ஆங்கரை (கயிற்றைத் தாங்கும் நிலையான இணைப்பை) எட்டி, அங்கிருந்து மீண்டும் தரைக்கே இறக்கப்படக்கூடிய தடம் ஒற்றைப் பிட்ச் தடமாகும்.

முன்பின் அறியாத தடத்தை எவருடைய குறிப்பும் இல்லாமல் முதல் முயற்சியிலேயே விழாமல் முடித்தால் ஆன்சைட் என்றும், பிறர் சொன்ன குறிப்புகளோடு முதல் முயற்சியில் முடித்தால் ஃபிளாஷ் என்றும், பழகிப் பழகிப் பின்னொரு நாள் அடியிலிருந்து உச்சிவரை விழாமல் முடித்தால் ரெட்பாயிண்ட் என்றும் சொல்வார்கள். ரெட்பாயிண்ட் என்ற முறை 1975ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்கன்யூராவில் கர்ட் ஆல்பர்ட் தொடங்கிய வழக்கத்திலிருந்து வந்தது. செயற்கைப் பிடிமானம் எதையும் பயன்படுத்தாமல் ஏறி முடித்த தடத்தின் அடியில் அவர் ஒரு சிவப்புப் புள்ளி இட்டு வைத்தார். இந்தப் பக்கத்தில் பேசப்படும் கடினமான தடங்கள் ஏறக்குறைய எல்லாமே ரெட்பாயிண்ட் முறையில்தான் முடிக்கப்படுகின்றன.

எத்தனையோ பாறைகள் இருக்க, செயூஸை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

பிரான்சின் தென்கிழக்கில், கப் நகருக்கு அருகே 2016 மீட்டர் உயரமுள்ள மலையொன்றின் தலையைச் சுற்றி, கோட்டை மதில் கட்டியதுபோல நிற்கும் சாம்பலும் நீலமும் கலந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர்தான் செயூஸ். சுவரின் நீளம் சில கிலோமீட்டர். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செங்குத்தான ஏற்றத்தில் நடந்தால்தான் பாறையைத் தொட முடியும். கயிறும் கருவிகளும் சுமந்துகொண்டு நாள்தோறும் நடக்கும் அந்த நடையும் பயிற்சிதான், களைப்பும்தான். எத்தனை நாள் தொடர்ந்து ஏறுவது என்ற திட்டத்தை வகுக்கும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஸ்போர்ட் கிளைம்பிங்கின் வரலாற்றில் மிக முக்கியமான சில தடங்கள் இங்கே உள்ளன. ஒரு தடத்தை மனிதர்கள் எப்படிப் படிப்படியாகக் கற்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறொரு பாறையில் கிடைப்பது அரிது.

சுண்ணாம்புப் பாறை ஏறுபவரிடம் என்ன கேட்கிறது?

முதலில் அது எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால் மற்றவை விளங்கும். பழங்காலக் கடல்களின் அடியில் படிந்த ஓடுகளும் சுண்ணச் சேறும் இறுகிப் பாறையாயின. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, இந்தப் பாறையைக் காலங்காலமாக அரிக்கிறது. அரித்த இடங்களில் ஒரு விரல், இரு விரல், மூன்று விரல் நுழையும் துளைகள் பிறக்கின்றன. கரைந்த சுண்ணாம்பு வேறிடத்தில் நீரோடு கசிந்து மீண்டும் படியும்போது, பாறையின் மேல் குழாய்போலவும் விழுதுபோலவும் புடைப்புகள் வளர்கின்றன. தாய்லாந்தின் ரெய்லே கடற்கரையில் இவ்வகை விழுதுகள் மிகுதி. செயூஸில் துளைகளும் சிறு விளிம்புகளும் மிகுதி. ஆகவே சுண்ணாம்புப் பாறையில் தேர்ந்தவர் என்ற ஒரே பொதுத் தகுதி கிடையாது. விழுதுகளை முழங்காலால் இடுக்கிக்கொண்டு ஏறப் பழகியவர் செயூஸின் ஒற்றை விரல் துளையில் முதல் வாரம் முழுவதும் தடுமாறுவது இயல்பு.

இந்தப் பாறையின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 3 மட்டுமே. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. அதனால்தான் பலரும் ஏறும் சுண்ணாம்புத் தடங்களில் கால் வைக்கும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு வழவழப்பாகின்றன. மண்ணும் மணலும் ஒட்டிய காலணியோடு பாறையில் கால் வைப்பது அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும் என்பதால், புறப்படுமுன் காலணியின் அடியை நன்றாகத் துடைத்துவிட்டு ஏறுவது பின்னால் வருபவருக்குச் செய்யும் கடமையாகும்.

பியோகிராஃபி தடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1989இல் கப் நகரைச் சேர்ந்த ஜான்-கிறிஸ்தோஃப் லஃபாய் இந்தத் தடத்தில் போல்ட் அடித்தார். பின்னாளில் இமயமலையின் உயர்ந்த சிகரங்களில் ஏறிப் பெயர்பெற்று, 2006இல் மகாலு மலையில் மறைந்தவர் அவர். அன்று அந்தத் தடத்தில் ஏற எவராலும் முடியவில்லை. 1996இல் ஆர்னோ பெத்தி, நடுவிலுள்ள ஆங்கர் வரையிலான முதல் பகுதியை முடித்தார். அதுவே 8சி+ (இந்தக் குறியீடுகளின் பொருள் அடுத்த கேள்வியில்) என்று மதிப்பிடப்பட்டது. அந்த இடத்தில் சற்றே கையை உதற இடமுண்டு. அதற்கு மேலே, கைகள் ஏற்கெனவே சோர்ந்த நிலையில் கடக்க வேண்டிய மிகக் கடினமான நகர்வுகள் காத்திருந்தன. அமெரிக்கரான கிறிஸ் ஷர்மா பல பயணங்களாகத் திரும்பத் திரும்ப வந்து முயன்று, 2001 ஜூலையில், தமது 20ஆம் வயதில், ஏறக்குறைய 35 மீட்டர் உயரமுள்ள முழுத் தடத்தையும் முடித்தார். உலகம் பரவலாக ஒப்புக்கொண்ட முதல் 9ஏ+ தடமாக அது கருதப்படுகிறது.

போல்ட் அடித்ததற்கும் முழுத் தடம் முடிக்கப்பட்டதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன. ஷர்மா அதற்கு ரியலைசேஷன் என்று பெயர் வைத்தார்; பிரான்சிலோ தடத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை போல்ட் அடித்தவருக்கே உரியது. இன்றும் பியோகிராஃபி, ரியலைசேஷன் என்ற இரண்டு பெயர்களும் வழங்குகின்றன. என் கருத்தில் பிரெஞ்சு வழக்கமே நியாயமானது. ஏனெனில் வெறும் சுவரில் ஒரு தடத்தைக் கண்டு, கயிற்றில் தொங்கிப் பாறையைத் தட்டிச் சோதித்து, தன் செலவில் போல்ட் பதித்தவரின் உழைப்பில்லாமல் பின்னால் வந்த எந்தச் சாதனையும் நடந்திருக்காது.

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் மார்கோ ஹேய்ஸ், 19 வயதில், இத்தடத்தை முடித்த முதல் பெண் ஆனார். அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் ஸ்பெயினின் சியுரானாவில் லா ரம்ப்லா என்ற மற்றொரு 9ஏ+ சுண்ணாம்புத் தடத்தை முடித்திருந்தார்.

8சி+, 9ஏ+ என்பவற்றின் பொருள் என்ன? அவை எவ்வளவு நம்பகமானவை?

பிரெஞ்சு மதிப்பீட்டு முறையில் எண் கூடக் கூடக் கடினம் கூடும். ஒரே எண்ணுக்குள் ஏ, பி, சி என்றும், அவற்றுக்கிடையே கூட்டல் குறி இட்டும் படிகள் நுணுக்கப்படுகின்றன. வாரந்தோறும் ஏறும் ஒருவர் 6ஏ, 6பி தடங்களில் நல்ல மகிழ்ச்சி காணலாம். 8ஏ என்பது பல ஆண்டு ஒழுங்கான பயிற்சியைக் கேட்கும்.

ஆனால் இது அளவுகோல் வைத்து அளந்த எண் அன்று. முதலில் ஏறியவர் முன்மொழிந்து, அடுத்தடுத்து ஏறியவர்கள் உறுதிசெய்தோ திருத்தியோ நிலைபெறும் கூட்டுக் கருத்து. பியோகிராஃபியின் பக்கத்திலேயே உள்ள பிப்லியோகிராஃபி தடத்தை 2020இல் முடித்த அலெக்ஸ் மெகோஸ் அதை 9பி+ என்று முன்மொழிந்தார். மறு ஆண்டு இத்தாலியின் ஸ்டெஃபனோ கிசோல்ஃபி, எளிதான நகர்வு வரிசை ஒன்றைப் பயன்படுத்தி முடித்துவிட்டு 9பி என்றார்; மெகோஸும் அதை ஏற்றுக்கொண்டார். தன் பெயரோடு சேர்ந்த எண் குறைவதை மறுக்காமல் ஏற்ற அந்த நேர்மையால்தான் இந்த முறை உயிரோடு இருக்கிறது.

என் தகுதிக்கு மேற்பட்ட தடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு மூன்று முயற்சிகளில் முடிக்கக்கூடிய அளவைவிட இரண்டு, மூன்று படிகள் கடினமான தடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லா நகர்வுகளையும் தனித்தனியாகவேனும் செய்ய முடிகிறதா என்பதே முதல் சோதனை. செய்ய முடியாத நகர்வு ஒன்றே ஒன்று என்றால் காத்திருக்கலாம். ஐந்தாறு இருந்தால் வேறு தடம் பாருங்கள். உங்கள் உடலமைப்புக்கும் பலத்துக்கும் ஒத்த தடமாகவே எப்போதும் தேர்ந்தெடுத்தால் எண் வேண்டுமானால் உயரும், திறமை விரிவடையாது.

முதல் நாள் தடத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஏறி முடிக்கும் எண்ணத்தையே அன்று விட்டுவிடுங்கள். முதல் நாளின் வேலை பாறையைப் படிப்பது. போல்ட்டிலிருந்து போல்ட்டுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் தொங்கி, சுற்றிலும் உள்ள பிடிகள் அனைத்தையும் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறையின் வெண்மையிலும் நிழலிலும் நல்ல துளை கண்ணுக்கு மறைந்து கிடக்கும். பலரும் சாக் (கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடி) பூசிப் பூசி வெள்ளையாகிவிட்ட பிடிதான் உங்களுக்கும் உகந்த பிடி என்று நம்ப வேண்டாம். உயரம் குறைந்தவருக்கு, எல்லாரும் கடந்துபோகும் ஒரு சிறு விளிம்பு இடைப்படியாக உதவலாம். துளைக்குள் எந்த விரல்கள் எந்தக் கோணத்தில் சரியாக அமர்கின்றன என்பதை அவசரமின்றித் தேடுங்கள். இரு விரல் துளையில் நடுவிரலும் மோதிரவிரலும் நுழைவதற்கும், சுட்டுவிரலும் நடுவிரலும் நுழைவதற்கும் இடையே சில நேரம் முழு உடலின் நிலையே மாறிவிடும்.

கைப்பிடிகளையே எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள். கடினமான தடத்தில் விழுவது பெரும்பாலும் கால் தவறுவதாலோ, கால் தவறுமோ என்ற ஐயத்தில் கையை அளவுக்கு மீறி இறுக்குவதாலோதான். எனவே ஒவ்வொரு கால்பிடியையும் எந்த விரல் நுனியால், எந்தத் திசையில் அழுத்துவது என்பதுவரை தெரிந்துகொள்ளுங்கள். போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும் குயிக்டிராவில் கயிற்றை எந்தப் பிடியிலிருந்து மாட்டுவது என்பதையும் அன்றே முடிவுசெய்ய வேண்டும். மோசமான பிடியில் நின்று தலைக்கு மேலே கயிற்றை இழுத்து மாட்ட முயன்று தவறினால் அதிக நீளம் விழுவீர்கள். ஒரு நகர்வு மேலே போய், நல்ல பிடியிலிருந்து இடுப்பளவில் மாட்டுவது பல இடங்களில் எளிதும் பாதுகாப்பும் ஆகும். ஆனால் தரைக்கு அருகிலுள்ள முதல் இரண்டு மூன்று போல்ட்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தவறினால் தரையில் விழ வாய்ப்புண்டு.

மாலையில் தரையில் அமர்ந்து கண்டதை வரிசையாக எழுதிவையுங்கள். கண்ணை மூடித் தடத்தை அடியிலிருந்து உச்சிவரை மனத்தில் ஏறிப் பார்க்கும்போது எங்கே நினைவு மங்குகிறதோ, அங்கேதான் மறுநாளின் வேலை.

நகர்வுகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் சேர்த்து ஏற முடியவில்லை. என்ன செய்வது?

இதுதான் நீண்ட கட்டம், பலர் மனம் தளரும் கட்டமும் இதுவே. அடியிலிருந்து தொடங்கி எவ்வளவு தூரம் போகிறோம் என்று மட்டுமே முயன்றால், கீழ்ப்பகுதியை நூறு முறை பழகியும் மேற்பகுதியை அரைகுறையாகவே அறிந்திருப்பீர்கள். அதற்கு மாறாக, உச்சியிலிருந்து கணக்கிடுங்கள். கடைசியிலிருந்து மூன்றாவது போல்ட்டுக்கு மேலேயுள்ள பகுதியை விழாமல் ஏறுங்கள். அடுத்து ஒரு போல்ட் கீழிருந்து, அதற்கடுத்து இன்னொன்று கீழிருந்து என்று தொடக்கத்தை இறக்கிக்கொண்டே வாருங்கள். இப்படிச் செய்தால், ஒருநாள் கடினப் பகுதியைக் கடந்துவிட்டபின் அறியாத இடத்தில் பதற வேண்டியிராது.

உள்ளங்கை முதல் முழங்கைவரை கல்லாய் இறுகும் அந்தச் சோர்வுக்குக் காரணம், தசை வலுவாகச் சுருங்கியிருக்கும்போது அதற்குள் ஓடும் இரத்தம் தடைப்படுவதே. பிடியை விட்டுக் கையைத் தொங்கவிட்டு உதறும் சில நொடிகளில் இரத்தம் மீண்டும் பாய்கிறது. ஆகவே தடத்திலுள்ள ஒவ்வோர் இளைப்பாறும் இடத்தையும் ஒரு நகர்வைப்போலவே பயில வேண்டும்: எந்தக் கையை முதலில் உதறுவது, எத்தனை மூச்சு நிற்பது, எப்போது புறப்படுவது. நீண்ட நேரம் நின்றால் நல்லது என்ற எண்ணம் தவறு. நிற்பதற்கே பலம் செலவாகும் இடத்தில் அதிகம் நின்றால் இழப்புதான். இளைப்பாறும் இடங்களுக்கு இடையே விரைவாகவும் தயக்கமின்றியும் ஏறுவது, ஒரு மாதப் பயிற்சி தரும் பலத்தைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஒரு நாளில் எத்தனை முறை முயலலாம்?

மிகக் கடினமான தடமென்றால் இரண்டு அல்லது மூன்று நல்ல முயற்சிகள் போதும். இடையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும்.

வானிலை அவ்வளவு முக்கியமா?

ஆம். குளிர்ந்த, உலர்ந்த காற்றில் விரல்கள் வியர்க்காமல் பாறையில் நன்றாகப் பற்றும். வெயிலில் அதே பிடி சோப்பு தடவியதாகத் தோன்றும். உயரத்தில் இருப்பதால் செயூஸில் கோடையும் இலையுதிர்காலத் தொடக்கமும் ஏறும் பருவம். ஆனால் வெயில் நேரடியாக விழும் சுவரில் கோடை நண்பகலில் கடினமான முயற்சி வீண். நிழல் வரும் நேரத்தைக் குறித்துவைத்து அதற்கேற்ப உடலைச் சூடேற்றுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புப் பாறைக்குள் நீர் தேங்கி மெல்லக் கசியும். மழை நின்று நாட்களான பின்பும் ஒரு துளைக்குள் மட்டும் ஈரம் இருக்கலாம். துணியைத் திணித்து உலரவைப்பது பொதுவான வழி. ஈரத்துளைக்குள் சாக்கைக் கொட்டிக் களிம்பாக்கிவிடாதீர்கள்.

விரல்களை எப்படிக் காப்பது?

துளைகளும் சிறு விளிம்புகளும் நிறைந்த தடங்களில் அதிகம் காயப்படுவது விரலின் அடிக்கணுவில் தசைநாணை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் வளைய நார்; மோதிரவிரலில் இது பெரிதும் நிகழ்கிறது. விரலை மடக்கிக் கட்டைவிரலால் பூட்டிப் பிடிக்கும் முறையில் அந்த நார்மீது விழும் சுமை, விரலை விரித்துப் பிடிக்கும்போது விழுவதைவிட மிக அதிகம். தசை சில வாரங்களில் பலம் பெறும். தசைநாணும் நாரும் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். புதிதாகப் பலம் பெற்றவர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டியது இதனால்தான்.

ஒற்றை விரல் துளையில் கால் நழுவினால் முழு எடையும் அந்த விரலில் திடீரென இறங்கும். விரலை உள்ளே வைத்துக்கொண்டு போராடாமல் விட்டுவிட்டு விழுவதே அறிவு. ‘டப்’ என்ற ஒலி கேட்டால் அன்றைய ஏற்றம் முடிந்தது, மருத்துவரைப் பாருங்கள். வளரும் வயதுச் சிறார்களின் விரல் எலும்பில் வளர்ச்சித் தட்டுகள் மூடியிருக்காது. அங்கே ஏற்படும் முறிவு வலியாக மட்டுமே தெரியும். பதின்வயதினர் எடை கட்டித் தொங்கும் விரல் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. பயிற்சியாளர்கள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

கயிறு பிடிப்பவரின் பங்கு என்ன?

ஏறுபவரின் பெயர் செய்தியில் வருகிறது. அவர் உயிர் கயிறு பிடிக்கும் பிலேயரின் கையில் இருந்தது. கடைசி போல்ட்டுக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்து ஒருவர் தவறினால் குறைந்தது நான்கு மீட்டர் விழுவார். அதோடு தளர்ந்த கயிறும் கயிற்றின் நீட்சியும் சேரும். தளர்வு அதிகமானால் கீழேயுள்ள திட்டில் மோதலாம். கயிறு அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் ஏறுபவர் ஊசலாடிச் சுவரில் கணுக்காலை மோதுவார். சரியான கணத்தில் பிலேயர் சிறிது முன்னே எழுந்து கயிற்றின் இழுப்புக்கு இசைந்து கொடுத்தால் விழுதல் மென்மையாக முடியும். இது பழகிப் பெற வேண்டிய திறமை. கிரிக்ரி போன்ற தானாகப் பூட்டும் கருவி இருந்தாலும் பிரேக் பக்கக் கயிற்றிலிருந்து (விழுதலைத் தடுக்கப் பிடிக்கும் பக்கம்) கை ஒருபோதும் விலகக் கூடாது. இருவருக்கும் எடை வேறுபாடு பெரிதாக இருந்தால் அதைக் குறைக்கும் தடைக்கருவியை முதல் போல்ட்டில் மாட்டலாம்.

புறப்படுமுன் ஏறுபவரின் முடிச்சைப் பிலேயரும், பிலேயரின் கருவியை ஏறுபவரும் பார்த்துவிட வேண்டும், ஒவ்வொரு முறையும். 35 மீட்டர் தடத்தில் ஏறி இறங்க 70 மீட்டர் கயிறு விளிம்புக் கணக்கு. 80 மீட்டர் எடுத்துச் செல்லுங்கள், மறுமுனையில் முடிச்சுப் போடுங்கள். கயிறு தீர்ந்து முனை கருவிக்குள் நழுவிப்போய் ஏறுபவர் விழும் விபத்தை அந்த ஒரு முடிச்சே தடுத்துவிடும்.

போல்ட்டை முழுமையாக நம்பலாமா?

பார்த்துவிட்டு நம்புங்கள். துரு, ஆடும் தகடு, சுழலும் நட்டு, சுற்றிலும் விரிசல் ஆகியவை எச்சரிக்கை. கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் துருவே தெரியாமல் துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் விரிசல் விட்டு முறிந்திருக்கிறது; தாய்லாந்தின் கடற்கரைப் பாறைகளில் டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையிட்டுப் பதிப்பது இதனால்தான். செயூஸ் கடலிலிருந்து தொலைவில் இருப்பதால் அச்சிக்கல் அங்கு இல்லை. ஆனால் பழைய தடங்கள் சிலவற்றில் போல்ட்டுகள் விலகி விலகி உள்ளன, நீண்ட விழுதலுக்கு மனம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

தென்னிந்தியாவில் பழகியவருக்கு இது ஒத்துவருமா?

தமிழ்நாட்டுக் குன்றுகள் பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் வகையின; ஹம்பி கிரானைட், பாதாமி மணற்கல். உராய்வை நம்பிக் கால் வைக்கும் துணிவை இவை நன்றாகக் கற்றுத்தரும், அது எங்கும் பயன்படும். பாதாமியில் போல்ட் அடித்த தடங்கள் இருப்பதால் கயிறு மாட்டுவது, விழுவது, பிலே செய்வது எல்லாம் அங்கேயே பழகலாம். பழகாதது விரல் துளைகள். பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே இரு விரல், மூன்று விரல் பிடிப்பைக் குறைந்த சுமையோடு தொடங்கி மெல்ல வளர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஒரு தடத்தைக் கைவிடுவது?

புதிதாக ஒன்றும் கற்காத நாட்கள் தொடர்ந்து வந்தால் விலகி, வேறு தடங்களில் ஏறிவிட்டு வாருங்கள். ஷர்மாவும் இடைவிடாமல் பியோகிராஃபியின் அடியில் நின்றுகொண்டிருக்கவில்லை. பிரிந்து சென்ற காலத்தில் வளர்ந்து திரும்பினார். வலியோ பகையோ மட்டும் மிஞ்சும் தடத்தை முழுதாக விட்டுவிடுவதிலும் குறையில்லை.

முடித்தபின் செய்ய வேண்டியவை யாவை?

ஆங்கரை எட்டியதும் மகிழ்ச்சியில் கவனம் சிதறும். விபத்துகள் நிகழும் இடம் அது. இறக்குமுன் பிலேயர் கேட்டாரா என்று உறுதிசெய்யுங்கள். குயிக்டிராக்களைக் கழற்றும்போது ஏதோ ஒரு வகையில் எப்போதும் கட்டப்பட்டிருங்கள். நீங்கள் சாக்கால் இட்ட குறிகளை மென்மயிர்த் தூரிகையால் துடைத்து அழியுங்கள். கம்பித் தூரிகை சுண்ணாம்புப் பாறையைச் சுரண்டிவிடும். அடுத்தவர் அதே தடத்தில் முயன்றுகொண்டிருந்தால், அவர் கேட்டாலொழிய உங்கள் நகர்வு வரிசையைச் சொல்லாதீர்கள். அந்தப் பகுதியில் போல்ட் பராமரிப்புக்காக நிதி திரட்டுகிறார்கள் என்றால், ஊர் திரும்புமுன் உங்களால் இயன்றதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.